அம்மனுக்கு விட்ட கண்

"கட்டைவிரலை இப்படிக் குடுங்க நாட்டாரே. நீங்க வெச்சாத்தான் மத்தவங்க வெப்பாங்க," என்று மைப்பெட்டியைத் திறந்தார் லோகநாதன்.

ராயபுரத்துக் குப்பத்தின் தலைவர் கோதண்டம் அவசரப்படவில்லை.

"இன்னாத்துக்கு வெக்கிறோம்னு இன்னொரு தபா சொல்லு. எல்லார் காதுலயும் வுழட்டும்."

லோகநாதன் மண்ணடியில் சீமை வலை விற்கும் வியாபாரி. மணலில் கூடியிருந்தவர்கள் பக்கம் திரும்பினார்.

"வெளிநாட்டுச் சாமானுக்கெல்லாம் வரியை ஏத்த டில்லியில மசோதா கொண்டு வராங்க. அது பாஸாச்சுன்னா ஜப்பான் நைலான் வலை உங்க கைக்கு எட்டாது. வேணாம்னு எல்லாரும் சேர்ந்து மனு போடறோம்."

"டில்லியில கடலே இல்லியாமே," என்றாள் மீன்கூடையோடு நின்ற செல்லம்மா. "அங்க குந்திகினு நம்ம வலைக்கு வரி போடுவானா?"

எல்லாரும் சிரித்தார்கள். கோதண்டத்தின் மருமகள் புஷ்பவல்லி மட்டும் சிரிக்கவில்லை.

திருவொற்றியூரில் நைலான் வலை கட்டும் கொட்டகை ஒன்று புதிதாக வந்திருந்தது. இந்தக் குப்பத்திலிருந்து அவள் ஒருத்திதான் அங்கே வேலைக்குப் போகிறாள். புருஷன் நெஞ்சுவலியில் படுத்ததிலிருந்து அந்தக் கூலியில்தான் அடுப்பு எரிகிறது.

"மாமா, வரி ஏறலன்னா சீமை வலையோட போட்டி போட முடியாதாம். எங்க கொட்டாய மூடிடுவாங்க."

"மூடட்டுமே. அங்க கட்றது வலையா? போன மாசம் மேஸ்திரிகிட்ட ஏச்சு வாங்கிகினு அழுதுகினே வந்தே. அங்க போயி இன்னாத்த கண்டே?"

புஷ்பவல்லி தலை குனிந்துகொண்டாள்.

லோகநாதன் நேரம் பார்த்து, கையோடு கொண்டு வந்திருந்த காகித உறையைப் பிரித்தார். அதன் மேல் ஏதோ புரியாத எழுத்து அச்சாகியிருந்தது. "ஜப்பான்லேர்ந்து வந்த வலை. கையில வாங்கிப் பாருங்க நாட்டாரே."

கடலுக்குப் போகிறவர்களுக்கு வலை என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மரப்பட்டைச் சாயத்தில் ஊறப்போட்டு, நாள் தவறாமல் உலர்த்தி, மடியில் போட்டுத் தைத்து, அப்படியும் அழுகிப்போகிற பருத்தி வலையோடு வாழ்ந்தவர்கள் அவர்கள். இந்த வலையோ பட்டுப்போல் வழுக்கிக்கொண்டு வந்தது. வெயில் பட்டதும் மீன் வயிறு போல மின்னியது.

"கனமே இல்லியேடா," என்றார் கோதண்டம். "காத்த முடிஞ்சு வெச்சாப்ல கீது."

முடிச்சு முடிச்சாகத் தடவிக்கொண்டே போன கை, வலையின் மூலைக்கு வந்ததும் நின்றது. அங்கே ஒரே ஒரு வலைக்கண் மட்டும் மற்றவற்றைவிட இரண்டு பங்கு பெரிதாக இருந்தது.

அவர் முகம் மாறிவிட்டது. அந்தக் குப்பத்தில் எந்தப் பெண் வலை கட்டினாலும் கடைசி மூலையில் ஒரு கண்ணைப் பெரிதாக விடுவாள். அது அம்மனுக்கு விட்ட கண். சினை மீன் ஒன்றாவது அதன் வழியாகத் தப்பிப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டு விடுவது. வேறு எந்தக் குப்பத்திலும் அவர் அதைப் பார்த்ததில்லை.

"லோகநாதா, இத்த கட்னது யாரு?"

"ஜப்பான்ல கடலோரத்துப் பொம்பளைங்கதான்."

கோதண்டம் அந்தக் கண்ணைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார்.

"பாத்துக்கங்க. பாஷை தெரியாது, மொகம் தெரியாது. அந்தக் கரையிலயும் ஒருத்தி நம்ம அம்மனுக்குக் கண்ணு வுட்டுக்கீறா. எம்மாம் பெரிய கடலு. ரெண்டு கரையிலயும் அவதான் கீறா."

செல்லம்மா கூடையை இறக்கி வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்தார்கள். கிழக்கே பார்த்துக் கும்பிட்ட கோதண்டம், "அந்தப் பொண்ணு கட்ன வலை நமக்கு வந்துகினே இருக்கணும். வெக்கிறேன் விரல," என்று மையில் கட்டைவிரலை அழுத்தினார்.

விரல் மனுக் காகிதத்தைத் தொடப் போகும்போது புஷ்பவல்லி வந்து எதிரே உட்கார்ந்தாள். வலையின் மூலையை எடுத்து அந்தப் பெரிய கண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லோகநாதன் உறையைச் சுருட்டத் தொடங்கினார்.

"ஜப்பான்காரி எங்க வுட்டா மாமா," என்றாள் அவள் மெதுவாக. "எங்க கொட்டாய்ல பழக்கத்துல நான் வுட்டது. ஓட்டை வலைன்னு மேஸ்திரி என்னை ஏசிட்டு, கழிச்சுப் போட்டாரே, அந்த வலை இது."

கோதண்டம் மை விரலை மணலில் தேய்த்துக்கொண்டே, மருமகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.