டேனியல் கையில் பதநீர்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, கணியம்பாடிப் பக்கம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஷூ கம்பெனிக்கு லீவு. குடியை விட்டிருந்த டேனியல், மனைவி பிரிசில்லாவோடு பைக்கில் பனந்தோப்புகளைச் சுற்றக் கிளம்பினான். இனி ஒரு சொட்டு தொட்டாலும் அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாக அவள் சொல்லியிருந்தாள்.

பனையேறி ஒரே பானையிலிருந்து இருவருக்கும் பனை ஓலைக் குடுவையில் பதநீர் ஊற்றினார். அவளுடையது இனித்தது. அவனுடையது நுரைத்துக் கள்ளாய் நாறியது.

"இன்னா பெரியவரே, கள்ளா ஊத்திட்ட?"

"சுண்ணாம்பு தடவுன பானை தம்பி, புளிக்காது."

ஓலைக் குடுவைகளை மாற்றிக்கொண்டார்கள். அவள் கைக்குப் போனது இனித்தது. அவன் கைக்கு வந்தது மறுபடி நுரைத்தது.

"சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல பிரிசி."

"பாத்துனுதான இருக்கேன்."

வீட்டில் அவள் குடத்துத் தண்ணீரை நீட்டினாள். தன் கை பட்டால் அதுவும் கள்ளாகிவிடுமோ என்று அவன் பயந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். அவளே வாயில் சாய்த்தாள். அவன் உதட்டில் வெள்ளையாய் நுரை நின்றது.

உங்கள் வீட்டுத் தண்ணீர் என்றும் தண்ணீராகவே இருக்கட்டும்.