உட்கார்ந்து பேசலாம்

கள அலுவலர் விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, படிவத்தின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பயிற்சிப் பெண்ணுக்குக் குமட்டியது. ஆறு வாரமாக இதைத்தான் பார்க்கிறாள். ஒரு பக்கத்துக்கு ஒரு நக்கு. அலுவலகத்தில் மனுஷனுக்கு 'எச்சில்' என்றே பெயர். அது தெரியாதவர் அவர் ஒருவர்தான்.

இப்போது அதே விரலால் பிஸ்கட்டை எடுத்தார். டீயில் முக்கினார். சத்தமாக உறிஞ்சினார்.

தட்டில் ஐந்து இருந்தன. சுவரோரம் நின்ற இரண்டு சிறுமிகளும் ஒவ்வொன்றாக அவர் வாய்க்குள் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒன்றை எடுத்து அந்தப் பிள்ளைகள் பக்கம் நீட்டுவோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

தாய் இறந்துபோன பிள்ளைகள். தகப்பன் போன இடம் தெரியாது. தாயின் அக்கா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து இருவரையும் வைத்துக்கொண்டிருக்கிறாள். ஆதரவற்ற பிள்ளைகளுக்கு மாதாமாதம் கொடுக்கும் உதவித்தொகைக்கு அவள் விண்ணப்பித்து ஒரு வருடம் ஆகிறது.

'கிடைக்கவில்லை என்றால் தங்கச்சியைக் காப்பகத்தில் விட்டுவிடுவார்கள்' என்று விண்ணப்பத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது. பெரியவள் எழுதியது. குண்டு குண்டான எழுத்து.

விண்ணப்பம் தேறுமா தேறாதா என்பது இந்த ஆய்வில்தான் இருக்கிறது. வீட்டில் கண்ணில் படும் ஒவ்வொரு பொருளுக்கும் மதிப்பெண் உண்டு. அதிகம் எடுத்தவர் தோற்றுப்போகும் பரீட்சை. பன்னிரண்டைத் தாண்டினால் உதவி கிடையாது. இந்தக் கணக்கை விண்ணப்பித்தவர்களிடம் சொல்வதில்லை.

தரை, கூரை, மின்விசிறி, அடுப்பு எல்லாம் சேர்ந்து பதினொன்றில் வந்து நின்றது. பயிற்சிப் பெண்ணுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"நாற்காலி ரெண்டு" என்று அலுவலர் தான் உட்கார்ந்திருந்ததன் கைப்பிடியைத் தட்டினார். "ஆச்சு, பதிமூணு."

நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலிகள். மற்றொன்றில் அவள் உட்கார்ந்திருந்தாள். இரண்டின் முதுகிலும் வாடகைப் பாத்திரக் கடையின் பெயரை வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்ததை உள்ளே நுழையும்போதே பார்த்தாள். வந்ததும் தொப்பென்று உட்கார்ந்த மனுஷனுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

"சார், இது வாடகை நாற்காலி சார். பின்னாடி கடைப் பேரு இருக்கு" என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அலுவலர் மெல்லுவதை நிறுத்தினார். நாற்காலியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளைகளின் பெரியம்மாவைப் பார்த்தார்.

"ஏம்மா, வாடகைக்கு எடுத்துப் போட்டியா? நாங்க இன்னிக்கு வர்றோம்னு உனக்கு யாரு சொன்னது?"

ஆய்வுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போக வேண்டும் என்பது விதி. யாராவது முன்கூட்டியே துப்புக் கொடுத்தது தெரிந்தால், கொடுத்தவர் சீட்டு அன்றைக்கே கிழியும். வேறொரு அலுவலர் வந்து ஆய்வை முதலிலிருந்து செய்வார். வண்டியில் வரும்போதுகூட எச்சில் இதைத்தான் பெருமையாக ஒப்பித்துக்கொண்டு வந்தார்.

பெரியம்மா கையில் தட்டை வைத்துக்கொண்டு நின்றாள். பயிற்சிப் பெண்ணை ஒரு கணம் பார்த்தாள்.

"யாரும் சொல்லல சார். கடைக்காரரு பழச கழிச்சப்போ வாங்கிப் போட்டது. எங்களோடதுதான்."

பயிற்சிப் பெண் வாயைத் திறந்தாள்.

இன்னும் ஆறு வாரம். அது முடிந்ததும் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவர் இந்த ஆள்தான். அந்தக் கையெழுத்து இருந்தால்தான் படிப்பு முடிந்ததாகக் கணக்கு.

வாயை மூடிக்கொண்டாள்.

"கேட்டுக்கிட்டியாம்மா? புத்தகத்துல படிச்சா மட்டும் போதாது" என்று அவளிடம் சொல்லிவிட்டு, விரலை நக்கிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டார். தட்டில் கிடந்த ஐந்தாவது பிஸ்கட்டையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

என்ன ஜென்மமோ.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். வாசல் தாண்டுவதற்குள் பெரியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்துச் சொரசொரத்துப்போன கை.

"பயந்துட்டீங்களாம்மா? உங்களப் போய் நான் காட்டிக் குடுப்பேனா?" என்றாள், அலுவலர் காதில் விழாதபடி. "கதவு பூட்டியிருந்தா மனுவத் தள்ளிவிட்ருவாங்க, வேலைக்குப் போயிடாதீங்க, உட்கார்ந்து பேசலாம்னு நேத்து நீங்கதானே போன்ல சொன்னீங்க. எங்க வீட்டுல உட்கார என்ன இருக்கு? அதான் கடையில போய் எடுத்தாந்தேன்."

உட்கார்ந்து பேசலாம். எல்லோரும் சொல்வதுதான். அவளும் வாய்ப் பழக்கத்தில் சொல்லிவிட்டாள்.

உள்ளே பெரியவள் ஒரு நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். இருட்டுவதற்குள் கடையில் சேர்க்க வேண்டுமாம். சின்னவள் தூக்க மாட்டாமல் மற்றொன்றை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"கிடைச்சிரும்லம்மா?" என்று பெரியம்மா சிரித்தபடி கேட்டாள்.

கிடைக்கும் என்பதுபோல் பயிற்சிப் பெண் தலையை ஆட்டினாள்.

வெளியே அலுவலர் ஹாரன் அடித்தார். வாயெல்லாம் ஊறிய எச்சிலை விழுங்கிக்கொண்டு, போய் அவருக்குப் பின்னால் வண்டியில் உட்கார்ந்தாள்.