கொடி உறவு

கிள்ளான் ரயிலின் கார்டு தம்புசாமி, தனியாக வசிக்கும் அத்தையைத் தினமும் நலம் விசாரிக்கிறவர். இறங்கிப் போய் அல்ல. அரசாங்க ரயில் அத்தைக்காக நிற்குமா? தண்டவாளத்தோரம் அத்தை வீடு வந்ததும் பச்சைக்கொடியை ஆட்டுவார். பதிலுக்கு அங்கே ஒரு வெள்ளைச் சேலை ஆடும். மழையன்று மட்டும் ஆடாது. வயதானவள், நனையலாமா?

"மூணு வருசமா ஒருநாள்கூட நான் தவறலை," என்று பயணிகளிடம் பெருமையடித்தபடி, ஒரு கிழவி நீட்டிய டிக்கெட்டில் முகத்தைப் பாராமலே ஓட்டை போட்டார். "பெத்த புள்ளைகூட இப்படிப் பாத்துக்காது."

"டோபி கொடியில காயுற துணிக்கா தம்பி, தினம் கொடி காட்டுறே?" என்றாள் கிழவி.

"அது எங்க அத்தை வீடு, ஆயா."

"அதை டோபிக்கு வாடகைக்கு விட்டுட்டு நான் பிரிக்பீல்ட்ஸ் வந்தே மூணு வருசமாச்சு. உன் வீட்டுக்குப் பின்தெருதான்டா, தம்புசாமி."