சத்தம் வெளியே போகாத அறை

"இங்க எவ்வளவு வேணும்னாலும் அழும்மா. வெளிய ஒரு பொட்டுச் சத்தம் போகாது."

மகள் கதவைச் சாத்தினாள். சுவர் முழுக்கப் பஞ்சு மெத்தை அடித்த அறை. நடுவில் ஒரு நாற்காலி, எதிரே திரை போட்ட கண்ணாடி. நாட்டுப்புறப் பாட்டுகளைச் சேகரித்து வைக்கும் ஆவணக் காப்பகத்தில் அவளுக்கு வேலை. குடும்பத்திலேயே முதல் பட்டதாரி. அம்மா சாவு வீடுகளில் ஒப்பாரி பாடிப் பாடித்தான் அந்தப் பட்டம் வந்தது.

வேறு எங்கே போவது? குடியிருக்கும் மாடி வீட்டில் தும்மினாலே கீழ்வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான். பெற்ற பிள்ளைக்கு வாய்விட்டு அழக்கூட இடமில்லை.

"மூஞ்சியக்கூடக் காட்டாம அங்கயே பொதைச்சுட்டாங்களாடி?"

"வெளிநாட்டுலேர்ந்து தம்பியக் கொண்டுவர முடியாதாம்மா. காலையில ஆபீசுக்குத்தான் போன் வந்துச்சு."

அம்மாவின் பார்வை சுவரில் நின்றது. "அது என்ன செவப்பு வெளக்கு?"

"ஏசியோடதும்மா."

அம்மா முந்தானையை இடுப்பில் செருகினாள். "சும்மா ஒரு தடவ பாடிக் காட்டுன்னு எத்தன வருசமா என் உசுர வாங்கின. ஆள் சாகாம வாயத் தொறக்க மாட்டேன்னேன். இப்ப பாட வெச்சுட்டான் பாரு உன் தம்பி."

பிறகு தொண்டை திறந்தது.

"தொட்டிக் கயிறு உறுத்துமின்னு துணி சுத்திக் கட்டினேனே, என்னப் பெத்த ராசா, மண்ணு உறுத்துறப்ப மாத்திப் போட ஆளில்லையே..."

மார்பில் அடித்துக்கொண்டு பாடினாள். பக்கவாட்டில் சாயும்போதெல்லாம் மகள் தோளைப் பிடித்து நேரே நிமிர்த்தினாள். மகள் கண்ணில் ஈரமே இல்லை. மூத்தவள் அல்லவா, அடக்கிக்கொள்கிறாள் என்று அம்மா நினைத்தாள்.

கடைசி அடியில் குரல் உடைந்து இருமலாக முடிந்தது. கூரை ஓரத்து ஸ்பீக்கர் கரகரத்தது.

"அக்கா, கடைசியில இருமல் விழுந்துடுச்சு. அந்த அடிய மட்டும் அம்மாவ இன்னொரு தடவ பாடச் சொல்லு."

அக்கா காதில் மறைத்திருந்த இயர்போனுக்கு மட்டும் போக வேண்டியது. பொத்தானை மாற்றி அமுக்கிவிட்டான்.

அம்மா தலையைத் தூக்கினாள். அந்தக் குரலுக்குத்தான் தொட்டில் கட்டியிருந்தாள்.

இனி மறைத்துப் பயனில்லை. மகள் திரையை விலக்கினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காதில் ஹெட்போனோடு பிள்ளை, கல்லுக்குண்டு மாதிரி, அசட்டுச் சிரிப்போடு.

"கோவிச்சுக்காதம்மா. லீவுல வந்திருக்கான், நல்லாத்தான் இருக்கான். புள்ளைக்கு அழுவுற பாட்டு ஒண்ணுதான் எங்ககிட்ட இல்ல. அது உன்னோட போயிடக் கூடாதுல்ல? இது இருந்தா என் வேலையும் நிரந்தரமாயிடும்மா..."

அம்மா கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தவன் சிரிப்பை நிறுத்தினான்.

பதிவை நிறுத்த மகள் கை சிவப்பு விளக்கின் சுவிட்சுக்குப் போனது.

அம்மா முகத்தை அழுத்தித் துடைத்தாள். நாற்காலியைத் தானே இழுத்து நேராகப் போட்டு உட்கார்ந்தாள்.

"அணைக்காத. இப்ப புள்ளைங்க ரெண்டுக்கும் சேத்துப் பாடுறேன்."