கறார் முதலாளி

வாசனைப் புட்டிகளுக்குள் மாலை வெயில் வண்ணம் வண்ணமாக மிதந்தது. பெரியவர் ஒவ்வொரு புட்டியின் லேபிளையும் முன்பக்கம் திருப்பி வைத்தபடியே கல்லாவில் இருந்த பெண்ணிடம் பொரிந்து தள்ளினார்.

“சின்னத் திருட்டுக்கு இனிமே ஜெயில் கிடையாதாம், வெறும் அபராதமாம்! அப்புறம் நாம எப்படிக் கடை நடத்துறது? எல்லார் பையையும் பாத்து அனுப்பும்மா!”

“சரிங்கய்யா.”

பெரியவர் ஒரு ரோஜா சோப்பை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கனவில் நடப்பவர்போல வெளியேறினார்.

“உங்க முதலாளி ரொம்பக் கறார்தான்!” என்று சிரித்தார் சாமான் வாங்க வந்தவர்.

“முதலாளி நான்தாங்க. மூணு வருஷம் முன்னாடி அய்யாதான் எனக்குக் கடையை வித்தார். வித்தது மட்டும் அவருக்கு மறந்துபோச்சு.”

“அப்ப, அந்த சோப்பு?”

“தினமும் அவர் மக திருப்பிக் கொண்டாந்து கொடுத்துடுவா. நானும் எடுத்த இடத்துலயே வெச்சுடுவேன், லேபிள் முன்பக்கம் தெரியுற மாதிரி. இல்லேன்னா நாளைக்குத் திட்டுவார்.”