வெல்லப்படாது

யசிந்தா அடித்த பந்து வலையில் விழுந்ததும், கம்பி வேலியோரம் நின்ற அடைக்கலநாதன் நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். 'மாதாவே, என்ரை பிள்ளை தோக்கத் தொடங்கிட்டாள்!'

அவருக்கு இரண்டு பக்கமும் துவக்கோடு சிப்பாய்கள். மகளுக்கு எதிரே முகாமின் மேஜர் வெள்ளைக் காற்சட்டையோடு அடுத்த பந்துக்குக் குனிந்து நின்றார்.

அந்த எண்பத்தெட்டாம் ஆண்டில் ஊரெல்லாம் இந்திய இராணுவத்தின் சுற்றிவளைப்பு. போன கிழமை மகன் சிமியோனைப் பிடித்துப் போனார்கள். முகம் மூடிக்கொண்டு இராணுவத்துக்கு ஆள்காட்டும் தலையாட்டி எதற்காக அவனைக் காட்டித் தலையாட்டினான் என்று யாரும் சொல்லவில்லை. நேற்றுத்தான் குருநகர் வீட்டு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. மேஜருக்கு யசிந்தாவோடு டென்னிஸ் ஆட வேண்டுமாம்.

"அவரை வெல்லப்படாது, பிள்ளை," என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார் அடைக்கலநாதன். "துவக்கு வைச்சிருக்கிறவன் ஒரு பொம்பிளைப் பிள்ளையிட்டைத் தோத்தா, அந்தக் கோவம் ஆற்றை தலையிலை விடியும்? தம்பியின்ரை தலையிலைதானே!"

"தோக்கிறதுக்கு எனக்குச் சொல்லித் தரவோ வேணும், அப்பா?" யசிந்தா சிரிக்கப் பார்த்தாள்.

அவள் சொன்னதும் உண்மைதான். விளையாட்டுக் கழகத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவரின் மகள், டென்னிஸையே தொழிலாக்கிக்கொண்டு மெட்ராஸ், பெங்களூர் என்று அலைந்தாள். உலகத் தரவரிசையின் அடிமட்டத்தில் எங்கோ அவள் பெயர் இருந்தது. பெரும்பாலும் முதல் சுற்றோடு மூட்டை கட்டிவிடுவாள். கலியாணமாகாத குமர்ப்பிள்ளை தனியே கடல் தாண்டக் கூடாதென்று ஒவ்வொரு முறையும் சிமியோன்தான் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போய் வந்தான்.

ஆனாலும் இந்த மேஜரைப் போல நாலு பேரை அவள் இடக்கையால் வெல்லுவாள்.

மேஜர் ஆட்டத்தை நிறுத்தி வலையருகே வந்தார். "ஏம்மா, கை வலிக்குதா?"

"இல்லை, சேர்."

"அப்புறம் என்ன? பயப்படாம அடி. போட்டிக்கெல்லாம் போயிருக்கியா நீ?"

யசிந்தா வேலிப் பக்கம் பார்த்தாள். அடைக்கலநாதன் கண்ணாலேயே வேண்டாமென்றார். பெரிய ஆட்டக்காரி என்று தெரிந்தால், வேண்டுமென்றே விட்டுக்கொடுப்பதும் தெரிந்துவிடுமே!

"இல்லை, சேர். சும்மா பொழுதுபோக்குக்கு அடிக்கிறனான்."

மேஜரின் முகம் இருண்டது. வெல்ல வெல்ல ஏன் இந்த மனிசனுக்குச் சந்தோஷம் வரவில்லை என்று அடைக்கலநாதனுக்கு விளங்கவில்லை.

அதன் பிறகு மேஜர் பந்தைக் குழந்தைக்குப் போடுவதுபோல மெதுவாகப் போட்டார். "ஒரு கேமாவது எடும்மா!" அந்தக் குரலில் கெஞ்சல்கூட இருந்தது. யசிந்தா பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் கோட்டுக்கு வெளியே அடித்தாள்.

ஒரு கேமும் எடுக்காமல் தோற்று முடித்தாள். அடைக்கலநாதன் கைகளைக் கூப்பிக்கொண்டு உள்ளே ஓடினார்.

"நல்லா விளையாடினீங்கள், சேர்! உங்களை ஆர் வெல்லுறது? சேர், என்ரை மகன்... அவன் ஒண்டுமறியாத பெடியன்..."

மேஜர் வியர்வையைத் துடைத்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தக் கண்களில் கோபம் இல்லை. அதுதான் அடைக்கலநாதனை இன்னும் பயமுறுத்தியது.

"உங்க பையன் அடிக்கடி மெட்ராஸ் வந்தது ஆயுதப் பயிற்சிக்குன்னு புகார், பெரியவரே. அவன் இல்லவே இல்லேன்னு அழுதான்," என்றார்.

மட்டையைச் சிப்பாயிடம் நீட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"'எங்க அக்கா டென்னிஸ் பிளேயர், அவளுக்குத் துணையாத்தான் வந்தேன், வேணும்னா ஆட விட்டுப் பாருங்க'ன்னான்... பாத்துட்டேன்."