எதிர்ச்சுற்று

கிட்டார் சிணுங்கத் தொடங்கியதுமே பப்பில் இருந்த எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது.

ஞாயிறு மதிய வினாடிவினாவில் பாட்டுச் சுற்று. மற்ற மேசைகளில் தலா நாலைந்து பேர். என் மேசையில் நானும் அரை கிளாஸ் பியரும்.

அணிக்கு ஒரு பெயர் வேண்டும். மற்றவர்கள் மண்டையைக் குடைந்து வேடிக்கையாக ஏதாவது வைப்பார்கள். ஒண்டிக்கட்டைக்கு எதற்கு வேடிக்கை? தாளின் தலையில் என் பெயரையே எழுதிவிடுவேன்.

பாட்டுக்கு வயது முப்பத்தெட்டு. யார் வீட்டுச் சமையலறையிலோ பதிவு செய்தது. சுருதியை விட்டு நூலளவு விலகிய குரல், கூடவே கலகலவென்று ஒரு டாம்பரின். மெட்டு குஷியானது என்பதால் கல்யாணங்களில்கூட இதற்கு ஆடுகிறார்கள். வார்த்தையை யார் கேட்கிறார்கள்?

வார்த்தை இவ்வளவுதான். ஞாயிறு நாலு மணி, பர்மிங்காமைச் சுற்றிவரும் பதினொன்றாம் நம்பர் பேருந்து, மாடியில் முன் இருக்கை. அங்கே சந்திப்பதாகப் பேச்சு. பையன் முழுச் சுற்றும் போகிறான். அவள் ஏறவே இல்லை.

பாடியவன் போய்ச் சேர்ந்து எட்டு வருடம் ஆகிறது.

பல்லவியில் வரும் நிறுத்தங்களை இங்கே குழந்தைகூடச் சொல்லும். பேர்வுட், ஹார்போர்ன், காட்டரிட்ஜ், கிங்ஸ் ஹீத். பப்பே மேசையைத் தட்டிப் பாடியது. நான் பாடவில்லை. எனக்கு அந்த வரிசை தலைகீழாகத்தான் வரும்.

அந்தப் பெண்ணை இந்த ஊர் திட்டாத திட்டில்லை. அவள் பக்கம் ஒரே ஒருவர் பேசமாட்டாரா என்று எனக்கு ஏக்கமாக இருக்கும்.

கேள்வி கேட்கும் டெரன்ஸ் மைக்கை எடுத்தார். "ஏழாவது கேள்வி. நம்ம பையனுக்கு டிமிக்கி குடுத்தாளே, அந்த மகராசி பேரு என்ன?"

எல்லாப் பேனாக்களும் ஓடின. நான் ஒரு வாய் பியர் குடித்தேன். பிறகு எழுதினேன்.

'அவள் வந்தாள். எந்தப் பக்கம் சுற்றும் பேருந்து என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவள் எதிர்ச்சுற்றில் ஏறி, அவளும் முழுச் சுற்றும் போனாள். பாட்டில் நிறுத்தங்களின் வரிசையைக் கேட்ட அன்றுதான் அவளுக்கே புரிந்தது. அதற்குள் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.'

கோடு போதாமல் ஓரத்தில் ஏறி எழுதினேன்.

திருத்துவதற்காக வழக்கம்போல் பக்கத்து மேசையோடு தாளை மாற்றிக்கொண்டோம். என் தாள் ஓர் இளம்பெண்ணிடம் போனது. படித்தாள். தாளைச் சாய்த்து ஓரத்தையும் படித்தாள்.

டெரன்ஸ் விடையைச் சொன்னார். ஜனீன்.

அந்த இளம்பெண் சிரித்தபடி என் ஏழாவது விடைக்குப் பெருக்கல் குறி போட்டாள். மொத்த மதிப்பெண்ணை எழுதத் தாளின் தலைக்குப் போனவள் அங்கே நின்றாள்.

"உங்க பேரும் அதானா? இதையே கீழே எழுதியிருந்தா ஒரு மார்க் கிடைச்சிருக்குமேம்மா."

"தோணல கண்ணு" என்றேன்.